வேதிவினைகளைக் குழுவாகக் குறும்படம் எடுத்துக் கற்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்பு அறிவியலில் 'வேதிவினைகளின் வகைகள்' என்று ஒரு பாடம் இருக்கிறது. வகுப்பை ஐந்தாறு பேர் கொண்ட குழுக்களாகப் பிரித்து, குழுவுக்கு ஒரு வினையைக் கொடுத்து, மூன்று நான்கு நிமிடக் குறும்படமாக எடுத்து வரச் சொல்வதுதான் இந்தச் செயல்திட்டம். இதைச் செய்துபார்க்க நினைக்கும் ஆசிரியர்கள், பிள்ளை திடீரென்று மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) வாங்கித் தரச் சொல்கிறானே என்று திகைக்கும் பெற்றோர், "டயலாக் வைக்கலாமா சார்" என்று கேட்கும் மாணவர்கள் என்று எல்லாரும் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை.

கரும்பலகையில் ஒரு பீரியடில் முடிகிற பாடத்துக்கு எதற்கு இவ்வளவு ஆர்ப்பாட்டம்?

கரும்பலகையில் முடிவது சமன்பாடு மட்டும்தான். இரும்பு + காப்பர் சல்பேட் → இரும்பு சல்பேட் + காப்பர் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லும் பிள்ளையிடம், "சரி, அந்த நீல நிறம் எங்கே போச்சு?" என்று கேட்டுப் பாருங்கள். பாதி வகுப்பு மேலே பார்க்கும், மீதி வகுப்பு புத்தகத்தைப் பார்க்கும்.

கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் இருந்த அலெக்ஸ் ஜான்ஸ்டன் என்ற வேதியியல் கல்வி ஆய்வாளர் 1991-இல் இதற்கு ஒரு விளக்கம் சொன்னார். வேதியியலை மூன்று தளத்தில் பேசுகிறோம்: கண்ணுக்குத் தெரிவது (நிறம், குமிழி, சூடு), கண்ணுக்குத் தெரியாதது (அணு, அயனி, எலெக்ட்ரான்), காகிதத்தில் எழுதுவது (குறியீடு, சமன்பாடு). ஆசிரியர் இந்த மூன்றுக்கும் இடையில் சொல்லாமல் கொள்ளாமல் தாவிக்கொண்டே இருப்பார், மாணவன் ஏதோ ஒன்றில் மாட்டிக்கொண்டு நிற்பான். படம் எடுக்கும்போது அந்தத் தாவலை ஒளிக்க முடியாது. கேமரா முதல் தளத்தை மட்டும்தான் பிடிக்கும். மற்ற இரண்டையும் பிள்ளைகளே உட்கார்ந்து யோசித்து, வரைந்து, பேசித்தான் படத்துக்குள் கொண்டுவர வேண்டும், பாடம் அங்கேதான் நடக்கிறது. கேமராவைத் தொடுவதற்கு முன்னாலும் கேமராவை அணைத்த பிறகும்தான் படிப்பு, படப்பிடிப்பு நாள் வெறும் கொண்டாட்டம் என்று நினைத்துத் திட்டமிட்டால் சரியாக வரும்.

எந்த வினையில் ஆரம்பிக்கலாம்?

முதல் தடவை என்றால் இரும்பு ஆணியும் மயில்துத்தமும். மலிவு, வெடிக்காது, நெருப்பு வேண்டாம், ஒற்றை இடப்பெயர்ச்சிக்கு (ஒரு தனிமம் இன்னொன்றின் இடத்தைப் பிடிப்பது) புத்தகத்திலேயே இருக்கும் உதாரணம். ஆனால் அதை எப்படிப் பார்ப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

ஆணியை முதலில் உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். எண்ணெய்ப் பூச்சோ துருவோ துத்தநாகப் பூச்சோ இருந்தால் வினை சரியாக அமையாது. கரைசல் ரொம்ப அடர்த்தியாக இருக்கக் கூடாது, பின்னால் வைத்த எழுத்து தெரிகிற அளவு வெளிர்நீலமாக இருந்தால்தான் நிறம் மங்குவது கேமராவில் தெரியும். ஆணியை விட்டவுடனே சில நிமிடங்களில் அதன் மேல் செம்பழுப்பாக ஒரு படலம் ஏறும். க்ளோசப்பில் பார்த்தால் அது வழவழப்பான பூச்சு இல்லை, பஞ்சு மாதிரி சொரசொரப்பாக வளரும், சில இடத்தில் பிய்ந்து அடியில் விழும். நீலம் வெளுக்க மணிக்கணக்கு ஆகும். பிறகு லேசான பச்சை. அப்படியே இரவு முழுக்க விட்டால் பச்சையும் போய் மஞ்சள் கலந்த பழுப்பாகிவிடும், காற்றிலுள்ள ஆக்சிஜன் அந்த இரும்பு அயனியை மேலும் ஆக்சிஜனேற்றம் செய்வதால். புத்தகம் பச்சையோடு நிறுத்திவிடுகிறது. ஒரு குழு மறுநாள் காலையில் வந்து "சார், இது பச்சையா இல்லையே" என்று கேட்டால் அன்றைக்கு உங்களுக்கு நல்ல நாள்.

மற்ற வகைகளுக்கு: சேர்க்கை வினைக்குச் சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் ஊற்றுவது (ஆசிரியர் கையால் மட்டும், காரணம் கீழே). சிதைவுக்கு ஹைட்ரஜன் பெராக்சைடில் உருளைக்கிழங்குத் துண்டு. உருளைக்கிழங்கில் இருக்கும் கேட்டலேஸ் என்ற நொதி அதைத் தண்ணீராகவும் ஆக்சிஜனாகவும் உடைக்கும், நுரை பொங்கும். இரட்டை இடப்பெயர்ச்சிக்குக் கால்சியம் குளோரைடு கரைசலும் சலவைச் சோடா கரைசலும், கலந்த அந்த நொடியே பால் போல வெள்ளை வீழ்படிவு. எரிதலுக்கு ஒரு மெழுகுவத்தி போதும்.

லெட் நைட்ரேட்டும் பொட்டாசியம் அயோடைடும் கலந்தால் வரும் மஞ்சள் அழகுதான், யாரும் மறுக்கவில்லை. ஆனால் ஈயம் நஞ்சு. ஆய்வகத்தில் ஆசிரியர் செய்து காட்டுவது வேறு, பிள்ளைகள் பத்து டேக் எடுப்பது வேறு.

வீட்டிலேயே கிடைப்பதை வைத்து எடுத்தால் 'தரமாக' இருக்குமா?

தாராளமாக. ஆரத்தித் தட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மஞ்சள் கரைத்த தண்ணீரில் துளி சுண்ணாம்பு போட்டால் ரத்தச் சிவப்பாகிறது. எல்லா வீட்டிலும் நடக்கிறது, யாரும் அதை ஆய்வகம் என்று சொல்வதில்லை. மஞ்சளில் இருக்கும் குர்குமின் காரத்தில் செந்நிறமாகும் நிறங்காட்டி. அந்தத் தட்டிலேயே எலுமிச்சைச் சாறு பிழிந்தால் மறுபடி மஞ்சளாகும், திரும்பச் சுண்ணாம்பு போட்டால் திரும்பச் சிவப்பு. மீள் வினை என்ற சொல்லுக்கு இதைவிடக் கைக்கெட்டிய காட்சி கிடையாது.

குத்துவிளக்கைப் புளி போட்டுப் பாதி மட்டும் தேய்த்து மீதியை அப்படியே விடுங்கள், புளியிலுள்ள அமிலம் மேலே படிந்த ஆக்சைடைக் கரைப்பது ஒரே ஃபிரேமில் தெரியும். சுண்ணாம்புத் தெளிநீரில் ஸ்ட்ரா வைத்து ஊதினால் பால் போலாகும் என்பது எல்லாருக்கும் தெரியும், நிறுத்தாமல் ஊதிக்கொண்டே இருந்தால் மறுபடி தெளிந்துவிடும் என்பது தேர்வில் வந்தால் மட்டும் தெரியும். முதலில் உண்டாகும் கால்சியம் கார்பனேட் கரையாது, அதிகக் கார்பன் டைஆக்சைடு போனதும் கரையக்கூடிய கால்சியம் பைகார்பனேட்டாக மாறுகிறது. ஊதுகிற பையனுக்கு மூச்சு முட்டும், ஆள் மாற்றி ஆள் ஊத விடுங்கள், தெளிநீரை மட்டும் உறிஞ்சிவிடக் கூடாது. அந்தக் காட்சியை வெட்டாமல் வைத்தால் படத்தில் சிரிப்புக்குத் தனி வசனம் தேவையில்லை.

ஆப்ப சோடாவும் வினிகரும் கலக்கிற எரிமலை மாடலை மட்டும் கொஞ்சம் தள்ளி வைக்கலாம். அல்லது அதை எடுத்தே தீருவோம் என்றால் ஒரு தெர்மாமீட்டரைக் கட்டாயம் ஃபிரேமுக்குள் வைக்கச் சொல்லுங்கள். கொப்பளிக்கிறது என்றால் சூடாகிறது என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள், ஆனால் வெப்பநிலை இறங்கும். வெப்பம் கொள் வினை.

அணுவைப் படம் எடுக்க முடியாதே, அதை எப்படிக் காட்டுவது?

ஸ்டாப் மோஷன். களிமண் உருண்டை, மணி, சட்டைப் பொத்தான், எது கிடைக்கிறதோ அது. போனை மேலே இருந்து கீழே பார்க்கும்படி நிறுத்தி, உருண்டையைக் கொஞ்சம் நகர்த்து, ஒரு போட்டோ, மறுபடி கொஞ்சம் நகர்த்து, இன்னொரு போட்டோ. நொடிக்கு 12 போட்டோ என்றால் அரை நிமிடத்துக்கு 360 ஆகும், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் பொறுமைக்கு இது அதிகம். ஆஸ்திரேலியாவில் வொல்லன்காங் பல்கலைக்கழகத்தின் கேரி ஹோபன் ஆசிரியர் பயிற்சி மாணவர்களுக்காக உருவாக்கிய 'ஸ்லோமேஷன்' முறையில் நொடிக்கு இரண்டே போட்டோதான். அரை நிமிடத்துக்கு 60 போட்டோ. வெட்டி வெட்டி நகரும், பரவாயில்லை, மேலே பேசி விளக்க நேரமும் கிடைக்கும்.

இதில் ஒரு விசேஷம் உண்டு. ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து தண்ணீராவதை எடுக்கச் சொன்னால், குழு முதலில் ஒரு ஹைட்ரஜன் மூலக்கூறையும் ஒரு ஆக்சிஜன் மூலக்கூறையும் வைக்கும். இரண்டு வெள்ளை உருண்டை, இரண்டு சிவப்பு உருண்டை. ஒரு தண்ணீர் செய்து முடித்ததும் ஒரு சிவப்பு உருண்டை அநாதையாக நிற்கும். அதை என்ன செய்வது? யாராவது ஒருத்தர் சத்தமில்லாமல் கையால் எடுத்துவிடப் பார்ப்பார்கள். அப்போதுதான் நீங்கள் குறுக்கே போக வேண்டும். முந்தின ஷாட்டில் இருந்த ஆள் அடுத்த ஷாட்டில் காணாமல் போனால் சினிமாவில் அதற்குப் பெயர் கன்டினியூட்டி மிஸ்டேக். வேதியியலில் அதற்குப் பெயர் பொருண்மை அழியா விதியை மீறுவது. இன்னொரு ஹைட்ரஜன் மூலக்கூறைக் கொண்டுவந்தால்தான் கணக்கு நேராகும் என்று அவர்களே கண்டுபிடித்துவிட்டால், சமன்பாட்டை ஏன் சமன் செய்கிறோம் என்று அதன்பிறகு சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆணி வினையை உருண்டையில் எடுக்கும்போது கேட்க வேண்டிய கேள்வி: சல்பேட் என்ன செய்தது? ஒன்றும் செய்யவில்லை. முதல் ஃபிரேமிலிருந்து கடைசி ஃபிரேம் வரை சும்மா மிதந்துகொண்டிருந்தது. இரும்பு அணு இரண்டு எலெக்ட்ரான்களைக் காப்பர் அயனிக்குக் கொடுத்துவிட்டுக் கரைசலுக்குள் போகிறது, வாங்கிக்கொண்ட காப்பர் உலோகமாகி ஆணிமேல் உட்காருகிறது. நீலம் என்பது தண்ணீர் சூழ்ந்த காப்பர் அயனியின் நிறம், அந்த அயனி குறையக் குறைய நீலமும் குறைகிறது. "நீலம் எங்கே போச்சு" என்ற கேள்விக்குப் பதில் இதுதான்.

காதல் கதையாக எடுக்கிறோம் என்கிறார்கள். விடலாமா?

எல்லா வருஷமும், எல்லா ஊரிலும் இந்த ஸ்கிரிப்ட் வரும். சல்பேட் கதாநாயகி, காப்பர் காதலன், இரும்பு வில்லன் அல்லது பணக்கார மாப்பிள்ளை. ஒற்றை இடப்பெயர்ச்சி என்றால் முக்கோணக் காதல், இரட்டை இடப்பெயர்ச்சி என்றால் ஜோடி மாறுவது. வகைகளை நினைவில் வைத்துக்கொள்ள உதவும், இல்லை என்று சொல்லவில்லை.

ஆனால் இந்தக் கதையில் எலெக்ட்ரானுக்கு வேஷமே இல்லை என்பதைக் கவனியுங்கள். காப்பரும் சல்பேட்டும் கரைசலில் கைகோத்துக்கொண்டு இருப்பதாகக் காட்டுவார்கள், உண்மையில் கரைந்தவுடனேயே அவை தனித்தனி அயனிகள். அப்புறம் "இரும்பு ஆசைப்பட்டது" என்று வசனம் வரும், அதுவே தேர்வுத்தாளிலும் வரும். என் அபிப்பிராயத்தில் ஒரு நிபந்தனையோடு விடலாம்: படத்தின் கடைசியில் அரை நிமிடம் நடிகர்களே கேமராவைப் பார்த்து, தங்கள் கதையில் எது பொய் என்று சொல்ல வேண்டும். "நான் சல்பேட். நிஜத்தில் எனக்கு யார்மேலும் ஆசை கிடையாது, நான் ஆரம்பத்திலிருந்தே தனியாகத்தான் இருந்தேன்" என்று ஒரு பெண் சொல்லும்போது வகுப்பு சிரிக்கும், கூடவே விஷயமும் பதியும்.

குழுவில் யார் யாருக்கு என்ன வேலை?

இயக்குநர், கேமரா, எடிட்டிங், நடிப்பு என்று பிரித்தால் வேதியியலுக்கு ஆள் இருக்காது. அதனால் இரண்டு வேலைகளை நீங்களே கட்டாயமாக்கிவிடுங்கள். ஒன்று பாதுகாப்புக்குப் பொறுப்பாளர்: பாதுகாப்புக் கண்ணாடி போடாதவர் ஃபிரேமுக்குள் வந்தால் "கட்" சொல்லும் அதிகாரம் இயக்குநரைவிட இவருக்கு அதிகம். இரண்டு குறிப்பாளர்: எத்தனை மணிக்கு ஆணி போட்டோம், எத்தனை மில்லி ஊற்றினோம், எப்போது நிறம் மாறியது என்று நோட்டில் எழுதிக்கொண்டே இருப்பவர்.

குறிப்பாளர் வேலையை யாரும் விரும்ப மாட்டார்கள். அவர்களிடம் மேரி ஆன் லவாய்சியரைப் பற்றிச் சொல்லலாம். 1789-இல் வெளியான தன் கணவர் அந்துவான் லவாய்சியரின் வேதியியல் நூலுக்கு உபகரணப் படங்களை வரைந்தவர் அவர்தான். சுவாசம் பற்றிய சோதனைகளையும் வரைந்திருக்கிறார், அந்தப் படத்தில் ஓரமாக ஒரு மேஜையில் உட்கார்ந்து குறிப்பெடுக்கும் பெண்ணாகத் தன்னையும் வைத்திருக்கிறார். அந்தக் காலத்துக் கேமராவும் அவரே, நோட்டும் அவரே.

ஒரே பையன் எல்லாவற்றையும் செய்துவிட்டு மற்றவர்கள் பெயர் மட்டும் போட்டுக்கொண்டால்?

நடக்கும். படம் திரையிட்ட பிறகு குழுவில் யாரையாவது ஒருவரைச் சீட்டுப் போட்டு எடுத்து, படத்தை நடுவில் நிறுத்தி, "இந்த நொடியில் கரைசலுக்குள் என்னென்ன இருக்கிறது?" என்று கேளுங்கள். அந்த ஒருவரின் பதில்தான் குழுவுக்கே மதிப்பெண். சீட்டில் யார் பெயர் வரும் என்று தெரியாததால், எல்லாம் தெரிந்த பையன் மற்ற ஐந்து பேருக்கும் முந்தின நாள் மாலை வகுப்பெடுத்துவிடுவான். உங்களுக்கும் வேலை மிச்சம்.

சாதாரண போனில் எடுத்தால் போதுமா? என்ன செட்டிங்?

போதும். ஆனால் போன் தன் இஷ்டத்துக்கு நிறத்தைச் சரிசெய்யும், வேதியியல் படத்துக்கு அதுதான் முதல் எதிரி. நீலம் பச்சையாவதை டைம்லாப்ஸ் எடுக்கும்போது ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் 'என்ன இது நிறம் மாறுகிறதே' என்று அதைத் திருத்திவிடப் பார்க்கும். நிறமாற்றம்தான் உங்கள் சாட்சியே. ஆகவே திரையில் விரலை வைத்து அழுத்திப் பிடித்து ஃபோகஸையும் வெளிச்சத்தையும் லாக் செய்யுங்கள், புரோ மோட் இருந்தால் ஒயிட் பேலன்ஸையும் நிறுத்திவையுங்கள். முகவைக்குப் பக்கத்தில் வினை நடக்காத இன்னொரு முகவையில் அதே கரைசலை வைத்துவிட்டால் இன்னும் நல்லது. பார்ப்பவருக்கு ஒப்பிட ஒன்று கிடைக்கும், அறிவியலில் அதற்குக் கட்டுப்பாட்டுச் சோதனை என்று பெயரும் இருக்கிறது.

டைம்லாப்ஸ் கணக்கு எளிது. மூன்று மணி நேரம், பத்து நொடிக்கு ஒரு போட்டோ என்றால் 1080 போட்டோ. நொடிக்கு 30 ஃபிரேமில் ஓட்டினால் 36 நொடி. இந்தக் கணக்கைப் பிள்ளைகளையே போடச் சொல்லுங்கள். போனை சார்ஜரில் போட்டு, ஏரோபிளேன் மோடில் வையுங்கள், நடுவில் யாராவது போன் செய்தால் எல்லாம் போச்சு.

ஸ்லோ மோஷனுக்கு (நொடிக்கு 120 அல்லது 240 ஃபிரேம்) வெயில்தான் நல்லது. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், பழைய சோக் டியூப்லைட் நொடிக்கு 100 தடவை மினுக்கும், மலிவான எல்இடியும் அப்படித்தான். கண்ணுக்குத் தெரியாது, ஸ்லோ மோஷனில் தீப்பெட்டி உரசும் காட்சி முழுக்கக் கண் சிமிட்டிக்கொண்டே இருக்கும். சாதாரண வீடியோவில் வரிவரியாக ஓடினால் ஷட்டரை நூறில் ஒரு நொடிக்கு மாற்றுங்கள்.

பின்னணிக்கு ஒரு வெள்ளை சார்ட் பேப்பர். வெள்ளை வீழ்படிவுக்கு மட்டும் கறுப்பு.

எடிட் செய்ய போனில் விஎன், இன்ஷாட் மாதிரி எதுவும் போதும். பள்ளியில் ஹைடெக் லேப் இருந்தால் அங்கே ஓபன்ஷாட் அல்லது ஷாட்கட், இரண்டும் இலவசம். ஐந்து பேர் ஒரு பெரிய திரையைச் சுற்றி உட்காரும்போதுதான் "இந்த ஷாட்டுக்கும் அதுக்கும் நடுவுல என்னடா நடந்துச்சு" என்ற சண்டை வரும். போனில் எடிட் செய்தால் அந்தச் சண்டை ஒருத்தன் தலைக்குள்ளேயே முடிந்துவிடும்.

மெக்னீசியம் நாடாவை எரித்தால் திரை முழுக்க வெள்ளையாக வருகிறதே?

வரத்தான் செய்யும். அவ்வளவு பிரகாசம் என்பதால்தான் ஒரு காலத்தில் போட்டோகிராபர்கள் மெக்னீசியத்தையே பிளாஷாக எரித்தார்கள். வெளிச்சத்தை முன்கூட்டியே நன்றாகக் குறைத்து லாக் செய்துவிட்டு எடுங்கள். நாடாவை இடுக்கியால் பிடித்து ஆசிரியர் எரிக்கட்டும், யாரும் நேராகப் பார்க்கக் கூடாது, அதில் புற ஊதாக் கதிரும் உண்டு. படத்துக்கு உண்மையில் முக்கியமான ஷாட் அதற்குப் பிறகுதான்: கீழே விழுந்த வெள்ளைச் சாம்பல். பளபளப்பான நாடாவும் அந்தப் பொடியும் பக்கத்தில் பக்கத்தில்.

இதைப் பேசும்போது ஒளிச்சிதைவையும் இழுத்துவிடலாம். சில்வர் புரோமைடு வெளிச்சம் பட்டால் வெள்ளியாகச் சிதையும் என்று பாடத்தில் ஒற்றை வரியாக வரும். ஃபிலிம் சுருளில் எடுத்த சினிமா எல்லாம் சில்வர் ஹாலைடு மேல் வெளிச்சம் செய்த வேலைதான், கறுப்பு வெள்ளைப் படங்களில் கறுப்பாகத் தெரிவது வெள்ளித் துகள். படம் எடுத்து வேதியியல் கற்பது ஏதோ புது ஃபேஷன் என்று சலித்துக்கொள்ளும் சக ஆசிரியரிடம் இதைச் சொல்லிப் பார்க்கலாம், பலன் உத்தரவாதமில்லை.

பாதுகாப்புக்கு என்னென்ன கட்டாயம்?

கண்ணாடி. சாதாரணக் கூலிங் கிளாஸ் இல்லை, பக்கமும் மூடும் பாதுகாப்புக் கண்ணாடி. குறிப்பாகச் சுண்ணாம்பு எடுக்கும் நாளில். சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் பட்டால் கொதித்துத் தெறிக்கும், அது கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். கார வகைகள் கண்ணுக்குள் ஊடுருவிப் போகும், அமிலத்தைவிட மோசம். பட்டுவிட்டால் உடனே ஓடும் தண்ணீரில் விடாமல் கழுவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு ஆள் அனுப்ப வேண்டும்.

ஹைட்ரஜன் பெராக்சைடு என்றால் மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் 6 சதவீதக் கரைசல்தான். இணையத்தில் யானை அளவுக்கு நுரை பொங்குகிற வீடியோக்களில் பயன்படுத்துவது 30 சதவீதம், அது தோலை வெளுத்து எரித்துவிடும். அமிலத்தை நீர்க்கச் செய்வதென்றால் தண்ணீரில் அமிலம், ஒருபோதும் அமிலத்தில் தண்ணீர் இல்லை. பட்டாசு மருந்தைப் பிரித்து எடுக்கும் எந்த யோசனையும் ஸ்கிரிப்டிலேயே நிராகரிக்கப்பட வேண்டும். எரிதல் காட்சிக்கு வாளி மணல், நைலான் துப்பட்டா ஃபிரேமுக்கு வெளியே.

இன்னொன்று: எந்த வேதிப்பொருளும் பழைய குடிநீர் பாட்டிலில் வீட்டுக்குப் போகக் கூடாது. மயில்துத்தக் கரைசல் பார்க்க ஜூஸ் மாதிரியே இருக்கும், வீட்டில் குழந்தை இருக்கும்.

பொருண்மை அழியா விதியை எடுக்கிற குழுவுக்குத் தராசில் எடை குறைகிறதே?

பாட்டில் வாயில் பலூன் மாட்டி, ஆப்ப சோடாவும் வினிகரும் கலந்து, முன்னும் பின்னும் எடை பார்த்திருப்பார்கள். வாயு எதுவும் வெளியே போகவில்லை, ஆனாலும் தராசு ஒரு கிராமுக்கு மேல் குறைத்துக் காட்டும். விதி பொய்யில்லை. ஊதிய பலூன் தன் அளவுக்குக் காற்றை விலக்குகிறது, அந்தக் காற்று பலூனை மேலே தூக்குகிறது. ஒரு லிட்டர் காற்றின் எடை ஏறத்தாழ 1.2 கிராம். வேதியியல் படத்துக்குள் ஆர்க்கிமிடிஸ் நுழைந்துவிட்டார், அவ்வளவுதான். சுத்தமாகக் காட்ட வேண்டுமென்றால் வாயு வராத வினையை மூடிய பாட்டிலில் செய்யுங்கள், முன்பு சொன்ன கால்சியம் குளோரைடும் சலவைச் சோடாவும் இதற்குத் தோது. ஆனால் பலூனையே எடுத்து, ஏன் குறைந்தது என்றும் சொல்லிவிட்டால் அந்தப் படத்துக்குத்தான் நான் அதிக மதிப்பெண் போடுவேன்.

யூடியூபில் இருக்கும் காட்சியை எடுத்து ஒட்டிக்கொள்ளலாமா?

கூடாது. அடுத்தவர் உழைப்பு என்பது ஒரு காரணம். தானே எடுக்காத ஷாட்டைப் பற்றிக் குறிப்பாளர் நோட்டில் ஒரு வரியும் இருக்காது என்பது அதைவிடப் பெரிய காரணம்.

சோதனை சொதப்பிவிட்டால்?

அதையும் படத்தில் வையுங்கள். ஆணி சிவக்கவில்லை, ஏன்? துத்தநாகப் பூச்சா, எண்ணெயா, கரைசல் நீர்த்துப் போச்சா? காரணத்தை ஊகித்து, ஒன்றை மட்டும் மாற்றி மறுபடி எடுத்தால் அதுவே படத்தின் இரண்டாம் பாதி. நன்றாக வந்த படத்தைவிட இந்த மாதிரிப் படங்களைத்தான் வகுப்பு கவனமாகப் பார்க்கும்.

எங்கள் ஊரில் ஆய்வக வசதி கிடையாது. ஊரிலேயே ஏதாவது கதை கிடைக்குமா?

கம்பம் பள்ளத்தாக்குத் திராட்சைத் தோட்டமோ மலைப்பக்கத்துக் காப்பித் தோட்டமோ அருகில் இருந்தால் போர்டோ கலவை (செடிகளுக்குத் தெளிக்கும் பூஞ்சைக்கொல்லி) தயாரிக்கும் நாளில் கேமராவோடு போங்கள். மயில்துத்தமும் சுண்ணாம்பும்தான். ஒரு சதவீதக் கலவைக்கு 1 கிலோ மயில்துத்தம், 1 கிலோ சுண்ணாம்பு, மொத்தம் 100 லிட்டர் தண்ணீர். தனித்தனியாகக் கரைத்து, மயில்துத்தக் கரைசலைச் சுண்ணாம்புப் பாலில் கலக்கிக்கொண்டே ஊற்றுவார்கள். இரும்பு டிரம்மில் செய்ய மாட்டார்கள், பிளாஸ்டிக் தொட்டிதான். ஏன் என்று கேட்டுப் பதிவு செய்யுங்கள்.

கலவை தயாரானதும் சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்க, தீட்டிய அரிவாளையோ கத்தியையோ அதில் நனைத்து வைத்து எடுப்பார்கள். இரும்பின்மேல் செம்பு நிறம் படிந்தால் வினைபுரியாத காப்பர் மிச்சம் இருக்கிறது, இலை கருகிவிடும், இன்னும் சுண்ணாம்பு வேண்டும். படியவில்லை என்றால் தெளிக்கலாம். பத்தாம் வகுப்பு ஆணிச் சோதனையைத்தான் தோட்டத்தில் அரிவாளை வைத்துச் செய்கிறார்கள். ஒற்றை இடப்பெயர்ச்சியைக் கொண்டு இரட்டை இடப்பெயர்ச்சி முடிந்ததா என்று பார்க்கிறார்கள்!

இந்தக் கலவையின் கதையே ஒரு திரைக்கதை. பிரான்சில் போர்டோ பக்கம் சாலையோரத் திராட்சையை வழிப்போக்கர்கள் பறித்துத் தின்னாமலிருக்க, பார்க்க அருவருப்பாக மயில்துத்தமும் சுண்ணாம்பும் அடித்து வைத்திருந்தார்கள். அந்தச் செடிகளில் மட்டும் அடிச்சாம்பல் நோய் இல்லை என்பதை அலெக்சிஸ் மில்லார்டே என்ற தாவரவியல் பேராசிரியர் கவனித்தார், 1885-இல் முறையை வெளியிட்டார்.

பின்னணிக் குரலை எழுதித் தரலாமா?

தராதீர்கள். பிள்ளைகள் புத்தக வரியை அப்படியே வாசிக்கப் பார்ப்பார்கள், அதையும் விடாதீர்கள். "வினைபடு பொருள்கள் வினைபுரிந்து விளைபொருள்களைத் தருகின்றன" என்பது எல்லா வினைக்கும் பொருந்தும், அதனால் எதற்கும் பயன்படாது. ஒலியில்லாமல் படத்தை ஓட்டிவிட்டு, பார்ப்பதை முதலில் சொல்லச் சொல்லுங்கள், பிறகு அதற்குக் காரணத்தை. 'கரைந்தது', 'உருகியது', 'வினைபுரிந்தது' மூன்றையும் இஷ்டத்துக்கு மாற்றிப் போடுவார்கள், அங்கே மட்டும் நிறுத்தித் திருத்தினால் போதும். தண்ணீர் கொதிக்கும்போது வரும் குமிழியை ஹைட்ரஜன், ஆக்சிஜன் என்று சொல்லும் குரல் கண்டிப்பாக ஒன்று வரும். அது நீராவிதான்.

மதிப்பெண் எப்படி? பொதுத்தேர்வுக்கு உதவுமா?

பத்தாம் வகுப்பு அறிவியலில் எழுத்துத் தேர்வு 75, செய்முறை 25. படத்துக்கென்று அதில் தனி மதிப்பெண் கிடையாது, ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிடுங்கள். வகைப்படுத்து, வேறுபடுத்து, சமன் செய் என்று வரும் கேள்விகளுக்கு உதவும். பெற்றோர் கவலைப்பட்டால் ஒன்பதாம் வகுப்பிலேயே செய்துவிடலாம். எப்படியானாலும் அரையாண்டுக்குப் பிறகு ஆரம்பிக்காதீர்கள்.

உங்கள் அளவில் மதிப்பெண் போடும்போது பின்னணி இசை, டைட்டில் கார்டு, டிரோன் ஷாட் எதற்கும் மயங்க வேண்டாம். மூன்று தளமும் படத்தில் இருக்கிறதா, நோட்டும் படமும் ஒத்துப்போகிறதா, நிறுத்திக் கேட்டால் பதில் வருகிறதா, இவ்வளவுதான்.

படப்பிடிப்பு முடிந்து மிஞ்சும் கரைசலை எங்கே கொட்டுவது?

மயில்துத்தக் கரைசல் சாக்கடைக்கோ குளத்துக்கோ போகக் கூடாது, கொஞ்சம் போனாலும் மீனுக்கு நஞ்சு. எல்லாக் குழுக்களின் மிச்சத்தையும் ஒரு பிளாஸ்டிக் வாளியில் சேர்த்து, மேலே இருக்கும் தண்ணீரில் நீலம் மறையும்வரை சுண்ணாம்பு போட்டுக் கலக்கி வையுங்கள். காப்பர் அடியில் வீழ்படிவாக இறங்கிவிடும். தெளிந்த நீரில் தேய்த்த ஆணியைப் போட்டுப் பாருங்கள். சிவக்கவில்லை என்றால் நிறையத் தண்ணீர் விட்டு ஊற்றிவிடலாம். அடியில் தங்கிய நீலச் சேற்றைக் காயவைத்து, டப்பாவில் போட்டு, பெயரும் தேதியும் எழுதி ஆய்வக அலமாரியில் பூட்டி வையுங்கள். வினிகர், ஆப்ப சோடா, மஞ்சள் தண்ணீர் வகையறாவை வாஷ்பேசினிலேயே ஊற்றலாம், கறையை மட்டும் தேய்த்துக் கழுவச் சொல்லுங்கள்.